பிளாஸ்மா கொடுத்த வினையூக்கியை நம்புவதற்கு முன்

எரிபொருள் கலத்துக்கான இரும்பு-நைட்ரஜன்-கார்பன் வினையூக்கித் தூளுக்கு நைட்ரஜன் பிளாஸ்மா (மின்சாரத்தால் அயனியாக்கிய வாயு) கொடுத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த இருவர் மின்னோட்ட வரைபடத்தோடு ஓடிவந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பிவந்தது. கையுறை போடு, பம்பைச் சரிபார் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை கையேட்டிலேயே இருக்கின்றன. கீழே உள்ள தலைப்பு ஒவ்வொன்றும் செய்யக்கூடாத ஒரு தவறு.

பிளாட்டினம் கம்பியை வைத்துச் சோதிப்பது

"கவுன்டர் எலக்ட்ரோடு என்ன போட்டீங்க?"

"பிளாட்டினம் கம்பிதான், சார். எப்பவும் போடறதுதானே."

எப்போதும் போடுவதுதான், அதுதான் வினை. ஆக்ஸிஜன் ஒடுக்கம் (ஆக்ஸிஜன் எலக்ட்ரானைப் பெறும் வினை) நம் தூளில் நடக்கும்போது, சுற்றை முடித்துவைக்கும் எதிர்முனையான கவுன்டர் எலக்ட்ரோடில் ஆக்ஸிஜனேற்றம் நடக்கிறது. அந்த உயர் மின்னழுத்தத்தில் அமிலக் கரைசலுக்குள் பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து, நம் தூளின் மேல் வந்து படிகிறது. பிளாட்டினமே நல்ல வினையூக்கி என்பதால், கண்ணுக்குத் தெரியாத அளவே போதும், வரைபடம் ஏறிவிடும். மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைக்கும் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடிலிருந்து குளோரைடு கசிவும் சேர்ந்தால் கரைவது இன்னும் வேகமாகும்.

என் கதையும் இதுதான். பிளாஸ்மா கொடுக்காத தூளுக்கு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சில சுற்றுகள், கொடுத்த தூளுக்கு ஆயிரக்கணக்கில். சுற்றச் சுற்ற அது மேம்பட்டுக்கொண்டே போனது. அமிலத்தில் இவ்வகை வினையூக்கி தேயத்தான் செய்யும். வளர்ந்தால் சந்தேகப்பட வேண்டாமா? நான் பிளாஸ்மாவைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். கிராஃபைட் தண்டுக்கு மாறியதும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி காணாமல் போனது. நாலு மாத உழைப்பு குப்பைக்குப் போனது.

கிராஃபைட் தண்டைப் போடுங்கள். அதுவும் அரிக்கப்படும் என்பதால், நுண்துளைக் கண்ணாடியால் தனி அறையில் பிரித்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் கரைசலுக்குள் கார்பன் மோனாக்ஸைடை விடுங்கள். பிளாட்டினம் அதில் மயங்கிச் செயலிழந்துபோகும், நம் தூளின் இரும்பு மையங்கள் அறை வெப்பத்தில் பெரிதாக அசையாது. மின்னோட்டம் சட்டென்று விழுந்தால், திருடன் உள்ளேதான் இருக்கிறான்.

தூளைக் குவித்து வைப்பது

பிளாஸ்மா தொடுவது மேல்பரப்பை மட்டும்தான். குவியலாக வைத்தால் மேலே பதப்பட்ட தூள், அடியில் பழைய தூள். மெல்லிசாகப் பரப்பி, இடையிடையே அறையைத் திறந்து கிளறுங்கள். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் நேரத்தைக் கூட்டுவது

கார்பன் எரிந்துவிடும். முன்னும் பின்னும் எடை போடுங்கள்.

பதப்படுத்தி வைத்துவிட்டு அடுத்த வாரம் அளப்பது

பிளாஸ்மா தந்த நீரை ஈர்க்கும் தன்மை காற்றில் நாளாக நாளாகக் குறையும். எத்தனை மணி நேரம் கழித்து அளந்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

நுண்ணோக்கி மாதிரிகளுக்குப் பிளாட்டினம் பூசிய அதே அறையைப் பயன்படுத்துவது

வேண்டவே வேண்டாம். அங்கே ஒட்டியிருக்கும் பிளாட்டினமும் தூளில் ஏறிவிடும்.