குளிர்காலத்துக்குக் காரைத் தயார் செய்யும்போது செய்யக் கூடாதவை

“நேற்று வரைக்கும் நன்றாகத்தானே ஓடியது?” உறைபனி விழுந்த முதல் நாள் காலையில், ஸ்டார்ட் ஆகாத காருக்கு முன்னால் நின்று பலரும் கேட்கும் கேள்வி இது. பேட்டரியை அதிகம் தேய்ப்பது கோடை வெயில்தான். அந்தத் தேய்மானம் குளிரில்தான் வெளியே தெரியும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் சாதாரண ஈய-அமில பேட்டரியின் பலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சின் ஆயிலும் கெட்டிப்பட்டிருப்பதால், எஞ்சினைச் சுற்ற வழக்கத்தைவிடக் கூடுதல் மின்சாரம் தேவைப்படும். அதாவது, வரவு குறையும் நேரம் பார்த்துச் செலவு கூடுகிறது. ஆகவே ‘ஸ்டார்ட் ஆகிறது, போதும்’ என்று இருந்துவிடாதீர்கள். குளிர் தொடங்கும் முன்பே மெக்கானிக்கிடம் கொடுத்து லோடு டெஸ்ட் (பளு கொடுத்து பேட்டரியின் பலத்தைப் பார்க்கும் சோதனை) செய்துவிடுங்கள். மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரி என்றால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். சார்ஜ் இறங்கிய பேட்டரி உள்ளே உறைந்தும் போகலாம். பக்கவாட்டில் உப்பியோ வெடிப்பு விட்டோ இருந்தால் ஜம்ப் ஸ்டார்ட் செய்யக் கூடாது, அதாவது வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பக் கூடாது, வெடித்துவிடலாம்.

அடுத்தது, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட். கோடையில் அளவு குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றி வந்திருந்தால், இப்போது அதற்கு விலை கொடுக்க வேண்டி வரும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அந்த அழுத்தத்தில் ரேடியேட்டர் மட்டுமல்ல, எஞ்சினின் உலோக உடலான பிளாக்கே விரிசல் விடலாம். இதற்குப் பயந்து சிலர், தண்ணீரே சேர்க்காமல் கெட்டிக் கூலன்ட்டை அப்படியே ஊற்றுகிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றினாலும் அதுவும் தவறுதான். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் தனியாக இருந்தால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கலந்தே விற்கும் கூலன்ட்டில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள். கூலன்ட், குடித்தால் உயிரைப் பறிக்கும் நஞ்சு. இனிப்புச் சுவை இருப்பதால் நாய், பூனை, குழந்தைகள் வாய் வைத்துவிடலாம். கீழே சிந்தினால் உடனே துடையுங்கள்.

டயரில் காற்றைக் குறைத்தால் பனியில் பிடிப்பு கூடும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. தார்ச்சாலையில் அது ஆபத்து. சொல்லப்போனால் நீங்கள் குறைக்கவே வேண்டாம், குளிரே குறைத்துவிடும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் காற்றழுத்தத்தில் சுமார் 1 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) போய்விடும். 20 டிகிரி இருந்த நாளில் அடித்த காற்று, மைனஸ் 10 ஆகும்போது ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். அதனால் மாதம் ஒரு முறையாவது, வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பாருங்கள்.

குளிர்காலத்துக்கென்றே செய்யப்படும் பனி டயரைப் பொறுத்தவரை எனக்குக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. காசை மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டு மட்டும் மாற்றுகிறார்கள். முன்சக்கரம் பிடித்து நிற்க, பின்சக்கரம் வழுக்க, வளைவில் பிரேக் போட்டதும் கார் சுற்றிக்கொண்டு போய்விடும். மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள். ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். அது வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்துவதற்கு டயர்தான் துணை.

கண்ணாடியில் படிந்த பனிக்கட்டியைக் கரைக்க வெந்நீர் ஊற்றாதீர்கள். சட்டென்று சூடேறினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். ஹீட்டரை மெல்ல ஓடவிட்டு, சுரண்டியால் எடுப்பதே சரி. வைப்பர் ஒட்டியிருந்தால் ஸ்விட்சைப் போட்டு இழுக்கப் பார்க்காதீர்கள், ரப்பர் கிழியும், மோட்டாரும் புகையலாம். கண்ணாடியில் பீய்ச்சும் வாஷர் தொட்டியில் தண்ணீருக்குப் பதில் உறையாத திரவம் இருக்கட்டும். உள்ளே கண்ணாடி மங்கினால் ஏசியைப் போடுங்கள். குளிர்காலத்தில் ஏசியா என்று தோன்றும், ஆனால் ஈரத்தை உறிஞ்சுவது அதுதான்.

அப்புறம், ஈரமான பனி நாளில் ஹேண்ட்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளலாம். சமதளம் என்றால் கியரில் நிறுத்தினாலே போதும். டீசல் கார் வைத்திருப்பவர்கள் கோடையில் நிரப்பிய டீசலோடு கடுங்குளிருக்குள் போகக் கூடாது. அதிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும்.

எஞ்சினைச் சூடாக்க கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடும் பழக்கமும் இப்போதைய கார்களுக்குத் தேவையில்லை. கண்ணாடி தெளிவானதும் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் மிதமாக ஓட்டினால் போதும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கதவு திறந்திருந்தாலும் உள்ளே சேரும். வழியில் பனியில் மாட்டிக்கொண்டு ஹீட்டருக்காக எஞ்சினைப் போட நேர்ந்தாலும், முதலில் இறங்கிப்போய்ப் பின்னால் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தள்ளிவிட்டு வாருங்கள். பனி தொடர்ந்து பெய்தால் அவ்வப்போது எஞ்சினை அணைத்துவிட்டு, மறுபடியும் போய்ப் பாருங்கள்.