நம்ம வீதி சாக்கடைத் தண்ணிய தென்னைக்குத் திருப்பறது எப்படிங்க

மொதல்ல கணக்குப் போடுங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் கழிவுத்தண்ணி வரும்னு வெச்சா, 40 வீடு, வீட்டுக்கு 4 பேர்னா 16,000 லிட்டர், அத்தனையும் இப்ப பள்ளத்துல விழுந்து நொய்யல் ஆத்துக்குத்தான போகுது, மனசு கேக்க மாட்டேங்குதுங்க.

மண்டி அடியில தங்க ஒரு நாள் தண்ணி நிக்கற மூடுன தொட்டி வேணும். எண்ணெய்ப் பாடைய மேல இருந்து வழிச்சு எடுத்துரோணும், இல்லீனா பின்னால எல்லாமே அடைச்சுக்கும்.

அப்பறம் ஜல்லிப் படுகை, தொட்டித் தண்ணி ஜல்லிக்குள்ள ஓடி சுத்தமாகற எடம், இதுதான் உசுரு. ஆளுக்கு ஒன்றரை சதுர மீட்டர்னா சுமாரா 6 சென்ட் எடம், 2 அடி ஆழம், அடியில தண்ணி எறங்காத தார்ப்பாய், மேல கழுவுன முக்கால் இஞ்ச் ஜல்லி, கல்வாழையும் சம்புப் புல்லும் நடுங்க. தண்ணி ஜல்லிக்கு 2 இஞ்ச் கீழயே நிக்கோணும், வெளிய தெரிஞ்சா கொசுதான். கடைசில தண்ணி வெளிய போற எடத்துல ஒரு எல்போ பைப் வெச்சு தண்ணி மட்டத்த ஏத்தி எறக்கிக்கலாம்.

சாயத்தண்ணிய மட்டும் ஒரு சொட்டுக்கூட விட்ராதீங்க, அந்த உப்பு இதுல போகாது, திருப்பூர் சாயத்தண்ணி தேங்கி நொய்யல்ல இருக்கற ஒரத்துப்பாளையம் டேம் கெட்டுப்போனது நமக்குத் தெரியுமுங்களே. படுகையில இருந்து வர்ற தண்ணி தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் ஆகும், பச்சையாத் திங்கற காய்க்கு வேண்டாம்.