சரியும் கோபுரத்தைப் பிடிக்காதீர்கள்

வீட்டில் ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால், விலை கூடின பொம்மையைத் தேடி அலைய வேண்டாம். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் வேப்பமரத் துண்டுகளே போதும். மதுரையில் எங்கள் தெருவில் இருக்கும் ஆசாரியிடம் சொல்லி, 2, 4, 8 அங்குல நீளத்தில் முப்பது கட்டைகள் அறுத்து வாங்கினேன். அகலமும் தடிமனும் எல்லாவற்றுக்கும் ஒன்றரை அங்குலம். ஓரங்களை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், பெயின்ட் வேண்டாம். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வாய்க்குள் போகிற அளவில் ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள்.

இரண்டு சின்னக் கட்டை சேர்ந்தால் ஒரு நடுக்கட்டை, இரண்டு நடுக்கட்டை சேர்ந்தால் ஒரு பெரிய கட்டை. பாதியும் இரட்டிப்பும் எண்ணுக்கு முன்னால் கைக்குப் பழகிவிடும்.

என் மூன்று வயது மகள், மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் கட்டப் போவதாக உட்கார்ந்தாள். சின்னக் கட்டையை நிமிர்த்தி வைத்து, 8 அங்குலக் கட்டையை அதன்மேல் ஏற்றினாள். சரிந்தது. எனக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டையை நடுவுக்கு நகர்த்தினாள். நின்றது! அடுத்த முறை பெரியதையே அடியில் போட்டாள். விரல் பிடிமானம், எடை, சமநிலை, பொறுமை எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் அவளே கண்டுகொண்டவை.

அதனால் பக்கத்தில் உட்காருங்கள், கட்டிக் கொடுக்காதீர்கள். "மேல எது வரும்? இதுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்று பேச்சுக் கொடுங்கள். அப்புறம், கட்டியதை உடனே கலைத்து எடுத்து வைக்க வேண்டாம். ராத்திரி அப்படியே இருக்கட்டும். காலையில் பல் தேய்க்கும் முன்பே அங்கேதான் ஓடுவார்கள்.