உங்கள் ஒழுங்கைச் சாப்பாட்டுக் கடைக்கு மதுபான லைசன்ஸா? அயலவருக்குப் படிப்படியான விளக்கம்

திருகோணமலையில், உவர்மலையிலோ உப்புவெளியிலோ, வீடுகளுக்கு நடுவே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதற்கு "பார் லைசன்ஸ் கேட்டிருக்கினமாம்" என்று கதை அடிபடுகிறது. உடனே பெட்டிசம் எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். கையெழுத்தைப் பிறகு பார்க்கலாம். அதிகாரிகள் தங்கள் அறிக்கையை எழுதுவதற்கு முன்னமே, அளந்து குறித்த உங்கள் தகவல் அவர்கள் கைக்குப் போய்ச் சேரவேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: என்ன லைசன்ஸ் என்று கேளுங்கள்

மதுபான அனுமதிப்பத்திரங்கள் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றில் பல வகை உண்டு. எஃப்.எல். 4 என்றால் போத்தலாக வாங்கிக்கொண்டு போகும் வயின் ஸ்டோர். எஃப்.எல். 11 உணவகத்துக்கானது, அங்கேயே இருந்து அருந்துவது. இரண்டும் ஒழுங்கைக்குக் கொண்டுவரும் பிரச்சினை வேறு வேறு. முதலாவதில் வாசலில் கூட்டமும் வெற்றுப் போத்தலும். இரண்டாவதில் இரவுச் சத்தமும் வாகன நிறுத்தமும். எந்த வகை என்று தெரியாமல் எழுதும் கடிதம் தவறான பிரச்சினையைச் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: கோப்பு போகும் வழி

லைசன்ஸை அங்கீகரிப்பது கொழும்பில் மதுவரி ஆணையாளர் நாயகத்தின் மட்டத்தில். கையில் கொடுப்பது பிரதேச செயலாளர். நகரத்துக்குள் என்றால் "பட்டணமும் சூழலும்" பிரதேச செயலகம், நிலாவெளிப் பக்கம் என்றால் குச்சவெளிப் பிரதேச செயலகம். இடையில் மதுவரி அதிகாரி, பொலிஸ் பொறுப்பதிகாரி, பிரதேச செயலாளர் ஆகியோரின் அபிப்பிராயம் கேட்கப்படும். கிராம உத்தியோகத்தருக்கு ஊர் நிலைமை தெரியும் என்பதால் அவரிடமும் சொல்லி வையுங்கள்.

மூன்றாம் படி: தகவல் அறியும் விண்ணப்பம்

புதிதாக இறங்குபவர்கள் தவறவிடும் படி இதுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பிரதேச செயலகத்துக்கு ஒன்று, மதுவரித் திணைக்களத்துக்கு ஒன்று என்று தகவல் அலுவலர் பெயருக்கு விண்ணப்பம் கொடுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி, ஆகவே தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பதில் கேளுங்கள்.

கேட்கவேண்டியவை: இந்த முகவரிக்கு விண்ணப்பம் வந்துள்ளதா, எந்த வகை, பாடசாலைக்கும் வழிபாட்டிடத்துக்கும் இருக்கவேண்டிய தூரம் எத்தனை மீற்றர் என்று இப்போது நடைமுறையில் உள்ள வர்த்தமானி சொல்கிறது, அந்தத் தூரத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள். கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாள்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால், மறுப்புக் கிடைத்த 14 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான எழுத்து மூல ஒப்புகையை வாங்காமல் கந்தோரை விட்டு வராதீர்கள்.

நான்காம் படி: அளவெடுங்கள்

கடை வாசலில் இருந்து அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை ஒவ்வொன்றுக்கும் நாடா வைத்து அளந்து ஒரு வரைபடம் கீறுங்கள். திருகோணமலை நகரத்தில் எந்த ஒழுங்கையில் நின்றாலும் ஏதோ ஒரு கோயில் மணி கேட்கும், அதனால் ஒன்றும் விடுபடாமல் பாருங்கள். ரியூசன் வகுப்பு, முன்பள்ளி, பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் இடம் ஆகியவற்றைத் தனியாகக் குறியுங்கள். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் வீதி என்றால் அதையும் குறியுங்கள்.

ஐந்தாம் படி: கடைக்காரரோடு கதையுங்கள்

இதைத் தவிர்க்க வேண்டாம். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை வரும் சுற்றுலாப் பயணி மீன் பொரியலோடு ஒரு பியர் கேட்கிறார். அது இல்லாததால் அடுத்த கடைக்குப் போகிறார். கடைக்காரரின் கணக்கு அவ்வளவுதான், அதில் நியாயமும் உண்டு. "அண்ணன், ராவு பத்துக்குப் பிறகு பாட்டுச் சத்தத்தைக் குறைக்க ஏலுமா? பின்பக்க ஒழுங்கைக் கதவைப் பூட்டி வைக்க ஏலுமா?" என்று நேரில் கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஒத்துக்கொண்டதை எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்.

ஆறாம் படி: கடிதம்

ஒரு பக்கம் போதும். "குடி குடியைக் கெடுக்கும்" என்று தொடங்கும் கடிதம் அதிகாரிக்கு வேலைக்கு உதவாது. இப்படி எழுதுங்கள்:

"மேற்படி கடையின் வாசலில் இருந்து முன்பள்ளியின் படலை வரை நாங்கள் அளந்த தூரம் … மீற்றர். வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது. அனுமதி மறுக்கப்படவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். வழங்கப்படுமாயின், உணவோடு மாத்திரம் பரிமாறுவது, ஒழுங்கைப் பக்கக் கதவைப் பாவிக்காதிருப்பது ஆகிய நிபந்தனைகளை விதிக்குமாறு கோருகிறோம்."

கையெழுத்துகள் இதற்குக் கீழே வரட்டும், பெயரும் வீட்டு இலக்கமும் சேர்த்து. பிரதேச செயலாளருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில், பிரதி பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு.

ஏழாம் படி: லைசன்ஸ் கொடுத்துவிட்டால்

உங்களுக்கான வழி அடைபட்டுவிடவில்லை. லைசன்ஸ் ஒரு கலண்டர் ஆண்டுக்குத்தான், ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கவேண்டும். ஆகவே ஒரு கொப்பியில் திகதியும் நேரமும் எழுதி வையுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். போயா தினத்திலும், ஒக்டோபர் 3 மதுஒழிப்பு தினத்திலும் விற்க முடியாது. மீறினால் அன்றே மதுவரித் திணைக்களத்தின் 1913 இலக்கத்துக்கு அழையுங்கள். கொப்பியின் பிரதியோடு, புதுப்பித்தல் பற்றிய உங்கள் கடிதம் கார்த்திகை மாதத்துக்குள் பிரதேச செயலகத்தில் இருக்கட்டும். மார்கழியில் கொடுத்தால் பிந்திவிடும்.