குடிபெயர்வோர் பற்றிய செய்தியை வாசிக்கும் முறை
குடிபெயர்வோரைப் பற்றிய செய்தி கைக்கு வந்தால், தலைப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், அதில் யாருடைய கூற்றுகள் இடம்பெற்றுள்ளன என்பதைப் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் மட்டுமே பேசி, வந்து சேர்ந்தவர் ஒருவர்கூடப் பேசவில்லையெனில், அது பாதிச் செய்தியே. எண்ணிக்கை தரப்பட்டிருந்தால், அது எத்தனை பேரில், எந்தக் காலப்பகுதியில் என்பதையும் தேடுங்கள்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான மலையகத்தவராகிய நமக்கு இந்தக் கவனம் மிகவும் அவசியம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் முன்னோரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள் வெறும் தொகையாகவே பேசப்பட்டனர் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆகவே, 2024 டிசம்பரில் இலங்கையின் முள்ளிவாய்க்கால் கரையை வந்தடைந்த, மியன்மாரைச் சேர்ந்த ரோஹிங்கியா மக்களைப் பற்றியோ, வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்லும் நம் சகோதரிகளைப் பற்றியோ வாசிக்கும்போது, ஒரே சம்பவத்தைத் தமிழ், சிங்களப் பத்திரிகைகள் இரண்டிலும் ஒப்பிடுங்கள். படத்தையும் கவனியுங்கள்: முகம் தெரியாத கூட்டம் அச்சத்தை எழுப்பும், ஒரு தாயின் முகம் இரக்கத்தை எழுப்பும், எதை அச்சிடுவது என்பது ஆசிரியபீடத்தின் தெரிவு. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியாயின், பகிர்வதற்கு முன் திகதியைச் சரிபாருங்கள்.