நம் ஊர்க் குறையை அங்கதமாக எழுதுவது எப்படி?

எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் எழுத ஆசைப்படும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, குடிதண்ணி வரலன்னு எழுதுனா மனு மாதிரி இருக்கு, கிண்டலா எழுதுனா மீம் மாதிரி இருக்கு, வேற எப்படித்தான் எழுதுறது?" நியாயமான கேள்வி. மனுவும் மீமும் செய்யாத ஒரு வேலையை அங்கதம், அதாவது குறையைச் சிரிப்போடு குத்திக்காட்டும் எழுத்து, செய்யும். அது பழக்கத்தில் வருவதுதான், நான் பழகிய வழியைச் சொல்கிறேன்.

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நேராகப் பழித்தால் செம்பொருள் அங்கதம், பழிப்பை ஒளித்து வைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். இரண்டாவதைத்தான் முதலில் பழகச் சொல்வேன். நேரடித் திட்டுக்குக் காது சீக்கிரம் மரத்துப்போகும். ஒளித்து வைத்ததை வாசகர் தானே தோண்டி எடுக்கிறார், எடுத்த பிறகு அது அவருடைய எண்ணமாகவே ஆகிவிடுகிறது, அப்புறம் லேசில் விடமாட்டார்.

சரி, எங்கே தொடங்குவது? ஒரு முரணைப் பிடியுங்கள். கோபம் எல்லோரிடமும் இருக்கிறது, முரண் தேடினால்தான் கிடைக்கும். பாம்பன் தீவைச் சுற்றிலும் கடல், ஆனால் குடிதண்ணீருக்குத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அலையும் பெண்கள். இது கண்ணுக்குத் தெரிகிற முரண், எல்லோரும் எழுதிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தோண்டினால், தமிழ்நாடு முழுக்கப் புழங்கும் ஒரு மிரட்டல் கிடைக்கும்: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." சினிமாவிலும் அலுவலகத்திலும் எத்தனை முறை கேட்டிருப்போம்! அந்தக் காடு எங்கள் மாவட்டம்தான். தப்பு செய்த அதிகாரிக்குத் தண்டனையாகக் கொடுக்கப்படும் ஊர் இது என்றால், இங்கேயே பிறந்தவன் என்ன தப்பு செய்தான்? இந்தக் கேள்வி எனக்குள் வந்த அன்று ராத்திரி தூங்க முடியவில்லை. இப்படிக் குடைகிற முரண்தான் வேண்டும்.

முரண் கிடைத்ததும் அதைக் கேள்வியாகவே எழுதிவிடாதீர்கள், அது மேடைப் பேச்சாகப் போய்விடும். எதை விமர்சிக்கிறோமோ அதன் மொழியையே கடன் வாங்குங்கள். மாற்றல் என்பது அரசாணை மொழி. அதனால் நான் ஒரு குழந்தையின் பிறப்பை மாற்றல் ஆணையாக எழுதிப் பார்த்தேன்:

"நிர்வாக நலன் கருதி, மேற்படி நபர் (எடை 2 கிலோ 900 கிராம்) இன்று முற்பகல் முதல் இவ்வூரில் நியமிக்கப்படுகிறார். குற்றச்சாட்டு ஏதும் நிலுவையில் இல்லை. பயணப்படி கிடையாது. தண்டனைக் காலம் குறிப்பிடப்படவில்லை. இடமாறுதல் கோரும் விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட மாட்டா."

இதில் எங்கேயும் கோபம் இல்லை, தண்ணீர் என்ற சொல்கூட இல்லை. ஆணை எழுதுகிறவர் தன் கடமையைச் செய்கிறார், அவருக்கு எதுவும் உறுத்தவில்லை, உறுத்தல் முழுவதும் படிக்கிறவருக்கு வந்து சேர்கிறது. எழுதும்போது உங்கள் முகத்தில் சிரிப்பு வரக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நடுவில் "அடேயப்பா", "என்னே கருணை" என்று ஒன்றைச் செருகினால் ஆணை எழுதுகிற அந்த ஆள் செத்துவிடுவார், எழுத்தாளர் தலையை நீட்டிவிடுவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே இருப்பதில் பொய் ஒன்றே ஒன்றுதான்: பிறப்பு ஒரு பணி நியமனம் என்பது. மற்றதெல்லாம் நிஜம்போல இருக்க வேண்டும், எடை கிராம் வரைக்கும். 1729-இல் ஜோனதன் ஸ்விஃப்ட் அயர்லாந்தின் வறுமையைப் பற்றி எழுதியபோது, ஏழைகளின் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்கலாம் என்று ஒரே ஒரு கொடூர யோசனையைத்தான் வைத்தார். மீதியெல்லாம் எத்தனை குழந்தைகள், என்ன விலை, யாருக்கு என்ன லாபம் என்று பொறுப்பான ஒரு கணக்குப்பிள்ளை எழுதியது போல இருக்கும். ஒரு மிகையை வைத்துவிட்டு அதற்கு உண்மையாக இருங்கள். வரிக்கு வரி மிகைப்படுத்தினால் வாசகர் எதையும் நம்பமாட்டார்.

அரசாணை மொழி உங்களுக்கு வரவில்லையா, புகழ்ந்து எழுதிப் பாருங்கள். ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனபோது அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை அதைக் குறை சொல்லவே இல்லை. இங்கே ஆயுதங்களெல்லாம் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன, எங்கள் அரசனுடையவோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. கேட்டவனுக்குப் போர் எப்படி முடியும் என்று தெரிந்திருக்கும். தண்ணீரே ஏறாத மேல்நிலைத் தொட்டி உங்கள் ஊரில் இருந்தால் இதே வழியில் போகலாம். அதன் நீல வண்ணத்தையும், திறப்புவிழாக் கல்வெட்டில் பெயர்கள் எவ்வளவு அழகாக வெட்டப்பட்டிருக்கின்றன என்பதையும், உச்சியில் கூடு கட்டிய காகம் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்பதையும் அக்கறையோடு எழுதுங்கள். கடைசியில் குழாயடியைக் காட்டினால் போதும்.

காலத்தை வைத்தும் குத்தலாம். காளமேகம் நாகப்பட்டினத்துச் சத்திரத்தைப் பாடியதை நினைத்துப் பாருங்கள்: பொழுது சாயும்போது அரிசி வரும், குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கிவிடும், ஒரு அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். சோம்பேறி என்று யாரையும் சொல்லவில்லை, பொழுதை மட்டும் சொல்லிக்கொண்டே போகிறார். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இனி நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம். யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறீர்கள்? பல வருடம் முன்பு நான் எழுதிய ஒன்றில் குழாயடிச் சண்டையைப் படம்பிடித்திருந்தேன், யார் குடத்தை யார் உருட்டிவிட்டார்கள், என்ன வசவு விழுந்தது என்று எல்லாம் அப்படியே. படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடலில் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் மட்டும் கேட்டுவிட்டு, "எங்களப் பாத்தா உனக்குச் சிரிப்பா இருக்கா தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சண்டை போட வைத்தவர்கள் அந்தக் கதையில் எங்குமே இல்லை, சண்டை போட்டவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அதிலிருந்து எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்கிறேன்: இதைப் படித்தால் யாருக்குக் கூச்சம் வரும்? அதிகாரமோ பணமோ இருப்பவருக்கு வந்தால் சரி. குடம் சுமப்பவருக்கு வந்தால் கிழித்துப் போடுகிறேன். பேச்சு வழக்கு, சாதி, உடம்பு, நிறம் இவற்றை வைத்து வருகிற சிரிப்பு எனக்கு எப்போதும் வேண்டாம். வட்டாரப் பேச்சை எழுதுங்கள், ஆனால் அதைப் பேசுகிறவரே கதையில் புத்திசாலியாக இருக்கட்டும்.

தனி ஆள் பெயரைப் போடாதீர்கள். அவதூறு வழக்கு வரலாம் என்பது ஒரு காரணம். பெயர் வந்தால் ஊர் அந்த ஆளைப் பற்றியே பேசும், தொட்டி மறந்துபோகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பதவியை எழுதுங்கள், நாளைக்கு வேறு ஆள் வந்தாலும் கதை நிற்கும்.

எழுதியதைக் கட்டாயம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், வலை பின்னிக்கொண்டிருப்பவர்களுக்குக் காதுகொடுக்க நேரமும் இருக்கும். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்பதை விட, சிரித்துக்கொண்டே வந்தவர்கள் எங்கே சட்டென்று நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். அந்த வரியைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தை எடுத்துவிடுங்கள்.

என் மாற்றல் ஆணையின் கீழே "இதுதான் எங்கள் தலையெழுத்தா?" என்று ஒரு வரி இருந்தது. அதே அக்காவிடம் வாசித்தபோது "பரிசீலிக்கப்பட மாட்டா" என்ற இடத்திலேயே அவர் பாசிப் பையைக் கீழே வைத்துவிட்டார். கடைசி வரியை அன்றைக்கே அடித்துவிட்டு, அந்த இடத்தில் இதை எழுதினேன்: "பணியில் சேரும்போது குடம் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்."