வேட்பாளரின் கணக்கு நோட்டு உங்கள் கையில் இருந்தால்

தேர்தலுக்கு பணம் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று வேட்பாளர் கூப்பிட்டால் யாருக்கும் பெருமையாகத்தான் இருக்கும், ஆனால் பிரச்சினை வெடித்தால் விசாரணை முதலில் தேடுவது ரசீதில் கையெழுத்து போட்டவரைத்தான். எனவே உங்களை எழுத்துப்பூர்வமாகத் தேர்தல் முகவராக நியமிக்கிறார்களா, சும்மா பணத்தை மட்டும் கையில் தருகிறார்களா என்று கேளுங்கள். கணக்கு வைக்கும் பொறுப்பைச் சட்டம் வேட்பாளர் மேலும் முகவர் மேலும்தான் வைக்கிறது. நீங்கள் முகவர் இல்லையென்றால் அவர்கள் போட வேண்டிய கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள்.

மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தனி வங்கிக் கணக்கு தொடங்கியாக வேண்டும். 2022-ல் உயர்த்திய செலவு வரம்புப்படி விளவங்கோடு, குளச்சல் போன்ற சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். ஒரே ஆளுக்கு தேர்தல் முழுக்கச் சேர்த்து ரொக்கம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மீதியெல்லாம் வங்கி வழியாகத்தான்.

பந்தல், மைக்செட், ஜீப் வாடகை எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். தக்கலையில் கூட்டம் போட்டால் அதிகாரிகள் வீடியோ எடுத்து நாற்காலி வரைக்கும் எண்ணி, தங்கள் நிழல் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள். தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் இரண்டையும் ஒப்பிடும்போது உங்கள் நோட்டில் அது இல்லையென்றால் நோட்டீஸ் வரும். மாவட்ட எல்லையில் இருக்கும் களியக்காவிளை, ஆரல்வாய்மொழி வழியாக ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்துப் போகச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், சொந்தக்காரர் சொன்னாலும் சரி.

கணக்கு விவகாரம் வெளியே வந்துவிட்டதா? அன்று இரவே யாராவது வந்து ‘அந்தப் பக்கத்தை மட்டும் மாத்தி எழுதிடுவோம்’ என்பார்கள். தொடாதீர்கள். தப்பாக எழுதிய பக்கத்தைக்கூட விளக்கிவிடலாம், ஆனால் கிழித்த பக்கம் தனி வழக்காகிவிடும். நோட்டு, பில், வங்கிப் பட்டியல், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் நகல் எடுத்து வையுங்கள். போலீஸ் எதையாவது எடுத்துப் போனால் மகஜர், அதாவது எடுத்த பொருட்களைக் குறித்த பட்டியல், அதன் நகல் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் வக்கீல். கட்சி ஏற்பாடு செய்பவர் முதலில் வேட்பாளரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், அதனால் உங்களுக்கென்று தனியாக ஒருவரை வையுங்கள். வசதி இல்லையென்றால் நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உதவி கிடைக்குமா என்று விசாரியுங்கள். உங்கள் மேலேயே குற்றம் சாட்டப்பட்டிருந்தால், உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அரசியலமைப்பின் 20(3) பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

இந்தக் களேபரத்திலும், முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் போய்ச் சேர வேண்டும். தக்க காரணம் இல்லாமல் தவறினால் வேட்பாளரைத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டின் ஒரு நகலை உங்கள் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.